வெற்றிடத்துக்கும் காவல் வேண்டும்

தொல்காப்பியத்துக்கு உரை வகுத்த பெரியோர் ‘செம்பொன்பதின்றொடி’ என்னும் தொடரை எடுத்துக்காட்டாகத் தருவர். இதனைச் ‘செம்பொன் பதின்றொடி’ எனப் பிரித்தால் பத்துத் தொடிப் பொன். ‘செம்பு ஒன்பதின்றொடி’ எனப் பிரித்தால் ஒன்பது தொடிச் செம்பு. எழுத்துக்கள் மாறவில்லை, நிறுத்தும் இடம் மாறியவுடன் பொன் செம்பாகிவிடுகின்றது. பண்டை ஏடுகளில் சொற்களுக்கிடையே இடம் விடும் வழக்கம் இல்லை. எனினும் கற்றோர் முன்பின் நோக்கி உரிய பொருளை உணர்ந்துகொண்டனர். கணினியோ அவ்வாறு உணர வல்லதன்று. எழுதியது எதுவோ அதனையே அது கொள்ளும். ஆதலின் கணினிக்கு எழுதப்படும் செய்நிரல்களில் எழுத்தைப் போலவே எழுத்தில்லாத இடத்தையும் காக்கவேண்டிய கடமை எழுகின்றது.

சி, யாவா முதலிய கணினி மொழிகளில் கட்டளைத் தொகுதியின் எல்லையை அடைப்புக்குறிகள் காட்டும். வரிமுதலில் விடும் வெற்றிடம் பெரும்பாலும் வாசிப்போர் கண்ணுக்கு உதவுவதே. குவிடோ வான் ரொசம் என்பார் 1991 இல் வெளியிட்ட பைதன் மொழியோ வேறு நெறியினது. அதில் வரியின் உள்தள்ளலே இலக்கணம். நம் நாட்டில் உயர்தர வகுப்பில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் பயிலும் மாணவர் அறிந்த மொழி இதுவே. முந்நூறு குடும்பங்களின் பெயரை ஒவ்வொன்றாக வாசித்து எண்ணிக்கையில் ஒன்று கூட்டும் செய்நிரலைக் கருதுக. ‘ஒன்று கூட்டு’ என்னும் வரி உள்தள்ளி நின்றால் முந்நூறு முறை நிகழும். இடது ஓரத்துக்கு நகர்ந்துவிட்டால் ஒரே முறை நிகழும். முந்நூறு என்னும் விடை ஒன்றாகிவிடும். கணினி பிழை என்று ஒரு சொல்லும் கூறாது.

இதனினும் நுட்பமான இடர் ஒன்று உண்டு. உள்தள்ளலை இடைவெளிச் சாவியாலும் இடலாம். ஒரே தட்டில் பல இடம் தாவும் ‘டாப்’ சாவியாலும் இடலாம். டாப் ஒன்றைச் சில தொகுப்பான்கள் நான்கு இடமாகக் காட்டும். பழைய பைதன் 2 அதனை எட்டாம் இடம்வரை செல்வதாகக் கணக்கிட்டது. எனவே எட்டு இடைவெளியுடன் தொடங்கும் வரியின் கீழ் டாப் ஒன்றுடன் தொடங்கும் வரியை எழுதினால், கண்ணுக்கு அது தொகுதியின் புறத்தே தோன்றும். கணினிக்கு அகத்தே நிற்கும். 2008 இல் வந்த பைதன் 3 இத்தகைய முரண்பட்ட கலப்பைப் பிழையென மறுத்துவிடுகின்றது.

இஃது ஏட்டளவில் நிற்கும் ஆராய்ச்சியன்று. 2004 திசெம்பர் 26 இல் ஆழிப்பேரலை இலங்கைக் கரைகளைத் தாக்கியபின், காணாமற்போனோரையும் முகாம்களையும் உதவிப் பொருள்களையும் பதிவுசெய்ய இந்நாட்டுக் கணினி வல்லுநர் ‘சகானா’ என்னும் திறந்த மூல மென்பொருளை ஆக்கினர். சகானா என்பதற்குச் சிங்களத்தில் நிவாரணம் என்பது பொருள். அதன் பிற்கால வடிவமாகிய ‘சகானா ஈடன்’ பைதன் மொழியிலேயே எழுதப்பட்டது. 2006 இல் சம்பூரினின்று இடம்பெயர்ந்த மக்கள் கிளிவெட்டி இடைத்தங்கல் முகாமில் பல்லாண்டு வாழ்ந்ததைக் கண்டோர்க்கு, குடும்பப் பட்டியலில் ஓர் எண் குறைவதன் கொடுமையை விரித்துரைக்க வேண்டுவதில்லை. எண் குறைந்தால் அரிசியும் குறையும்.

பொருளை மாற்றாத வெற்றிடமும் தீங்கு செய்வதுண்டு. வரியிறுதியில் எவரும் காணாதபடி தங்கிவிடும் இடைவெளிகளை ஒருவருடைய தொகுப்பான் தானே நீக்கிவிடும். அவர் திருத்தியது ஒரு வரி. மாறியதாகத் தோன்றுவன இருநூறு வரிகள். அத்திருத்தத்தைச் சரிபார்ப்பவர் உண்மையான ஒரு வரியை அவ்விருநூற்றினுள் தேடி அலைவர். பதரோடு கலந்த நெல்லைப் போல, கருத்துள்ள மாற்றம் கருத்தற்ற மாற்றத்துள் மறைந்துவிடும்.

இவற்றைத் தவிர்க்க விதிகள் உள. 2001 இல் எழுதப்பெற்ற ‘பெப் 8’ என்னும் பைதன் நடைக்கையேடு உள்தள்ளலுக்கு நான்கு இடைவெளிகளை விதிக்கின்றது. ஆயின் விதி கூறுதல் ஒன்று. விதி நிற்றல் மற்றொன்று. ஒவ்வொரு வரியிறுதியையும் மனிதர் சோதித்தல் சலிப்புத் தருவது. தோழர் பிழையைத் தோழர் நாள்தோறும் சுட்டுதல் மனத்தாங்கலுக்கும் இடமாவது. ஆகவே அவ்வேலை சோதனைச் செய்நிரல் ஒன்றிடம் ஒப்படைக்கப்படுகின்றது. அது கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து வரிவரியாக வாசிக்கும். வரிமுதலில் டாப் உண்டா, வரியிறுதியில் வெற்றிடம் உண்டா, கோப்பின் கடைசி வரி முறைப்படி முடிந்துளதா என நோக்கும். பிழை கண்டால் கோப்பின் பெயரையும் வரி எண்ணையும் கூறித் தோல்வி என அறிவிக்கும். புதிய திருத்தம் வருந்தோறும் இச்சோதனை தானே இயங்குமாறு அமைத்து, தேறாத திருத்தத்தைப் பொதுக் களஞ்சியத்தில் சேர்க்காது நிறுத்திவைப்பர்.

இதனை நிறுவுங்கால் மூன்று செய்திகளைக் கருதவேண்டும். முதலாவது, பழைய கோப்புகளை ஒரே முறையில் தனித் திருத்தமாகத் தூய்மை செய்தபின்னரே சோதனையைத் தொடங்குதல் நன்று. முதல் நாளிலேயே நூற்றுக்கணக்கில் பிழை கூறும் சோதனையை எவரும் மதியார். இரண்டாவது, விலக்குகளை வரையறுத்தல். 1976 இல் பெல் ஆய்வுகூடத்தில் ஸ்டூவட் பெல்ட்மன் ஆக்கிய ‘மேக்’ என்னும் கருவியின் கோப்புகளில் கட்டளை வரி டாப்புடனேயே தொடங்கவேண்டும். அது தகாத அமைப்பென அவர் விரைவிலேயே உணர்ந்தும், ஏறத்தாழப் பன்னிருவர் அதனைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டமையால் மாற்றாது விட்டார். அன்று பன்னிருவர்க்காக விட்ட வழக்கு இன்றும் உலகெங்கும் நிலைத்துவிட்டது. மூன்றாவது, சோதனையையும் சோதித்தல். வேண்டுமென்றே பிழையுள்ள மாதிரிக் கோப்பொன்றைக் கொடுத்து அது தோல்வி கூறுகின்றதா எனக் காணவேண்டும். ஒருபோதும் குரைக்காத நாய் விழித்திருக்கின்றதா உறங்குகின்றதா என்பதை எவர் அறிவார்?

இச்சோதனைக்கும் எல்லை உண்டு. நான்கு இடைவெளி ஒழுங்காக நிற்கின்றதா என அது கூறும். ‘ஒன்று கூட்டு’ என்னும் வரி நிற்கவேண்டிய இடம் அதுதானா எனக் கூறாது. அதற்கு, முந்நூறு குடும்பங்களைக் கொடுத்தால் முந்நூறு என விடை வருகின்றதா எனப் பார்க்கும் வேறொரு சோதனை வேண்டும். செம்பொன்னா செம்பா என்று தெரிவது இறுதியில் எழுதுவோரின் கருத்தே. ஆயினும் கண்ணுக்குப் புலப்படாத சில்லறைப் பிழைகளை இயந்திரம் களைந்துவிடின், சரிபார்ப்பவர் அக்கருத்தையே முழுமனத்துடன் ஆராய ஓய்வு பெறுவர். வெற்றிடச் சோதனையின் பெரும்பயன் அவ்வோய்வே.