வாக்குக் கொடுத்தவர்கள்

தலைவர்களின் சொல்லாற்றல் என்றதும் நாம் மேடைப் பேச்சையே நினைக்கிறோம். கூட்டம் கலைந்தபின் அப்பேச்சு என்னவாயிற்று என்று கேட்பதில்லை. கேட்டவர்களின் முதுமை வரை தங்கிய சொல்லொன்றை அறிய, வடமேற்கு எல்லைப்புறப் பட்டாணியரிடம் செல்ல வேண்டும்.

பழிக்குப் பழி அவர்களுக்கு மானப் பிரச்சினை. ஒரு கொலையின் பகை பேரன்மார் காலம் வரை நீளும். அம்மக்களிடையே கான் அப்துல் கஃபார் கான் கால்நடையாக ஊர் ஊராகச் சென்றார். 1921இல் பள்ளி தொடங்கினார். 1928இல் பஷ்தூ மொழியிலேயே இதழ் நடத்தினார். 1929இல் எழுந்த இயக்கத்திற்கு 'குதாயி கித்மத்கார்', அதாவது இறைப் பணியாளர், என்று பெயரிட்டார். இறைவனுக்கு எவர் பணிவிடையும் தேவையில்லை. அவனுடைய படைப்புகளுக்குச் செய்வதே அவனுக்குச் செய்யும் பணி என்பது அதற்கு அவர் தந்த விளக்கம்.

சேருவோர் சத்தியம் செய்தனர்: பழிவாங்குவதில்லை, கொடுமை செய்தோரை மன்னிப்பது, நாள்தோறும் 2 மணி நேரமேனும் சமூகப் பணி செய்வது. இங்கேதான் அவருடைய நுட்பம் இருக்கிறது. கொடுத்த வாக்கைக் கைவிடுவது பட்டாணியருக்குப் பேரிழிவு. பழிவாங்கத் தூண்டிய அதே மான உணர்வைக் கொண்டே அவர் பழியுணர்வைக் கட்டினார். தலைவர் சொன்னதை மறந்துவிடலாம். தன் வாயால் சொன்னதை அவன் எப்படி மறப்பான்?

'எல்லைக் காந்தி' என்று நம் நாட்டில் வழங்கும் பட்டத்தால், இதை இரவல் கொள்கை என எண்ணுவோர் உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. காந்தியடிகளுடன் அவர் கொண்ட தோழமை பெரிது. ஆயினும் பட்டாணியர் செவியில் விழுந்த சொல் 'ஸப்ர்'. நபிகள் நாயகம் (ஸல்) மக்கத்து வாழ்வில் கைக்கொண்ட பொறுமையையே அவர் ஆயுதமாகக் காட்டினார். கோழைத்தனமாகத் தோன்றியது வீரமாயிற்று.

1930 ஏப்ரல் 23 அன்று பெஷாவரின் கிஸ்ஸா குவானி கடைவீதியில் ஆங்கிலேயப் படை நிராயுதபாணிகளைச் சுட்டது. கார்வால் படைப்பிரிவினர் சிலர் சுட மறுத்தனர். நாட்டுப் பிரிவினைக்குப் பின், 1948இல், பாகிஸ்தான் அரசு இயக்கத்தைத் தடை செய்தது. கஃபார் கான் 1988இல் மறைந்தார்.

1990களில் மானிடவியலாளர் முகுலிகா பானர்ஜி, எஞ்சியிருந்த தொண்டர்களைத் தேடிச் சென்றார். அவர்கள் தள்ளாத முதியவர்கள். இயக்கமும் இல்லை, தலைவரும் இல்லை. இளமையில் தாங்கள் செய்த சத்தியத்தைப் பற்றியே அவர்கள் அவரிடம் பேசினார்கள்.