ஒகேனக்கல் பஸ் ஏறுமுன் ஒரு நிமிஷம்! தர்மபுரியில் ஒரு தலைநகரம் இருக்கிறது

பரிசலுக்குத் தடை!

கர்நாடகத்தில் மழை பிடித்து, கபினி அணையும் கிருஷ்ணராஜசாகரும் நிரம்பிவிட்டால் இந்தச் செய்தி வந்துவிடும். பிலிகுண்டுலுவில் காவிரித் தண்ணீரை அளக்கிறார்கள். அளவு எகிறினால் ஒகேனக்கல்லில் பரிசல் ஓடாது. அருவியில் குளிக்கவும் விடமாட்டார்கள்.

அந்த மாதிரி நாளில் தர்மபுரி பஸ் நிலையத்தைப் பார்க்கவேண்டும். எண்ணெய் பாட்டில், துண்டு, மாற்றுத்துணி சகிதம் வந்து இறங்கிய குடும்பங்கள் முகம் வாடி நிற்கும்.

"46 கிலோமீட்டர் போயி, தூர நின்னு தண்ணியப் பாத்துட்டுத் திரும்பறதா?" என்பார் வீட்டுக்காரர்.

"புள்ளைங்க ஆசையா வந்துச்சுங்களே... வேற எதுவும் இல்லீங்களா இந்த ஊர்ல?" என்பார் வீட்டம்மா.

"இங்க என்ன இருக்கு!" — அவ்வளவுதான். அடுத்த சேலம் பஸ்சில் ஏறிவிடுவார்கள்.

தாங்கள் நின்றது ஒரு பழைய தலைநகரத்தில் என்பது அவர்களுக்குத் தெரியாது. கண்டக்டர்கள் "ஒகேனக்கல், ஒகேனக்கல்" என்றுதான் கூவுகிறார்கள். "தகடூர், தகடூர்" என்று கூவ ஆள் இல்லை.

தர்மபுரியின் பழைய பெயர் தகடூர். கடையெழு வள்ளல்களில் ஒருவனான அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட ஊர். அரிய நெல்லிக்கனியைத் தான் தின்னாமல் ஔவையாருக்குக் கொடுத்தானே, அவனேதான். பள்ளிக்கூடத்தில் படித்த எல்லோருக்கும் கனி ஞாபகம் இருக்கிறது. ஊர் மறந்துபோய்விட்டது!

தொங்கும் தூண்

காலையில் முதல் வேலையாக ஊருக்குள் இருக்கும் கோட்டைப் பகுதிக்குப் போய்விட வேண்டும். மதியம் ஆனால் நடை சாத்திவிடுவார்கள். கோட்டை என்பது இப்போது பெயரில்தான். சுவர் கிடையாது, கோவில்கள் இருக்கின்றன.

மல்லிகார்ஜுனர் கோவில் மண்டபத்தில் தரையைத் தொடாத தூண் இருக்கிறது. அடியில் காகிதத்தை விட்டு மறுபக்கம் இழுத்து எடுக்கலாம். சின்னப் பிள்ளைகள் விடமாட்டார்கள். நாலு தடவையாவது செய்து பார்ப்பார்கள். மாயம் மந்திரம் ஒன்றும் இல்லை. மேலே உள்ள கல் உத்தரத்தோடு தூண் பிடித்து நிற்கிறது. கூரையின் பாரம் சுற்றியிருக்கும் மற்ற தூண்களில் இறங்குகிறது. ஆனால், உளியும் சுத்தியும் மட்டும் வைத்துக்கொண்டு இதைச் செய்தவன் சாமானியன் இல்லை.

பக்கத்திலேயே காமாட்சி அம்மன் சன்னதி. படி ஏறுகிற அவசரத்தில் பலரும் கீழே பார்ப்பதில்லை. அடிப்பீடத்தைச் சுற்றி ராமாயணக் கதையைச் சின்னச் சின்னச் சிற்பங்களாகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். குனிந்து, ஒரு சுற்று நடந்து பார்க்கவேண்டும்.

அதியமான் காலத்தோடு தகடூர் கதை முடிந்துவிடவில்லை என்பதற்கு இந்தக் கோட்டைப் பகுதியே சாட்சி. 9-ம் நூற்றாண்டில் நுளம்ப மன்னர்கள் இங்கே இருந்து ஆண்டார்கள். அவர்கள் காலக் கல்வெட்டிலும் ஊர்ப்பெயர் தகடூர்தான்.

மாடு திருட்டு, கொலை!

அடுத்து நடுகற்கள். தர்மபுரி அருங்காட்சியகத்தில் வரிசையாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

வெறும் கல் என்று தாண்டிப் போய்விடக்கூடாது. ஒவ்வொன்றும் ஒரு போலீஸ் கேஸ்! இந்த மன்னனின் ஆட்சியில், இத்தனையாவது ஆண்டில், இன்ன ஊர் மாட்டு மந்தையை இன்னார் ஓட்டிக்கொண்டு போனார்கள். மீட்கப் போன இன்னாரின் மகன் இன்னான் செத்தான் — எழுத்துள்ள கற்கள் பெரும்பாலும் இந்த ரீதியில்தான் பேசுகின்றன. தேதி, இடம், குற்றம், செத்தவர் பெயர் எல்லாம் இருக்கிறது. இன்றைக்கு ஸ்டேஷனில் எழுதும் முதல் தகவல் அறிக்கையில் இதற்குமேல் என்ன இருக்கிறது? பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் ஆட்சியாண்டு போட்ட கற்களே இந்த வட்டாரத்தில் கிடைத்திருக்கின்றன. எழுத்து வட்டெழுத்து. நம்மால் படிக்க முடியாது. உருவம் புரியும்: ஒரு கையில் வில், இன்னொரு கையில் வாள். சிலருடைய உடம்பில் அம்பு தைத்தே இருக்கும்.

அந்தக் காலத்தில் மாடுதான் சொத்து. மாட்டைக் கவர்வதுதான் சண்டையின் தொடக்கம். செத்தவன் ராஜாவும் இல்லை, மந்திரியும் இல்லை. ஊர்க்காரன். அவனுக்குக் கல் நட்டார்கள்.

அருங்காட்சியகத்துக்கு வராத கற்கள் மாவட்டம் முழுக்க வயலிலும் ஏரிக்கரையிலும் நிற்கின்றன. பல ஊர்களில் அவற்றுக்கு வேடியப்பன் என்று பெயர். பொங்கல் வைத்துக் கும்பிடுகிறார்கள். கும்பிடுகிற கல் பிழைத்துக்கொண்டது. மற்ற கற்களின் கதி என்ன? துணி துவைக்கிற கல்லாகவும் வாய்க்காலுக்குக் குறுக்கே போடும் பலகையாகவும் ஆனவை உண்டு. ஊரைக் காக்கச் செத்தவன் முதுகில் சோப்பு நுரை!

கோட்டை எங்கே?

மதியம் ராகி களியோ, சாப்பாடோ முடித்துவிட்டு அதியமான்கோட்டைக்குப் புறப்படலாம். சேலம் ரோட்டில் சுமார் 7 கிலோமீட்டர். டவுன் பஸ் போகிறது.

செஞ்சி, வேலூர் மாதிரி மதில், அகழி, கொத்தளம் என்று எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். அது மண்கோட்டை. மண்மேடுதான் மிச்சம். அரண்மனை கிடையாது, சிம்மாசனம் கிடையாது. ஆடுமாடு மேய்கிற இடத்தில் நின்றுகொண்டு, "இதுதான் தலைநகரமா?" என்று கேட்கத் தோன்றும்.

இதுதான்! அதை அழித்த ஆசாமி யார் என்பதும் தெரியும். சேர மன்னன் பெருஞ்சேரல் இரும்பொறை. படையோடு வந்து முற்றுகையிட்டான். கோட்டை விழுந்தது. 'தகடூரை அழித்தவன்' என்பதையே தன் பெயரோடு பட்டமாகச் சேர்த்துக்கொண்டான். அந்தப் போரைப் பற்றி 'தகடூர் யாத்திரை' என்று தனி நூலே இருந்தது. அதுவும் முழுசாகக் கிடைக்கவில்லை; சில பாட்டுகள்தான் மிஞ்சின. கோட்டையைப் பகைவன் அழித்தான், நூலை நாமே தொலைத்தோம்.

முற்றுகைக்கு முந்திய கதை ஒன்றும் உண்டு. காஞ்சித் தொண்டைமானிடம் அதியமானின் தூதராகப் போனவர் ஔவையார். தொண்டைமான் தன் ஆயுதச் சாலையைக் காட்டிப் பெருமையடித்தான். "ஆகா, நெய் பூசி, மாலை போட்டு அழகாக வைத்திருக்கிறாயே! எங்கள் ஆள் ஆயுதங்கள் எல்லாம் நுனி ஒடிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன" என்கிற அர்த்தத்தில் ஔவையார் ஒரு போடு போட்டார். புகழ்வதுபோல் மண்டையில் குட்டிய குட்டு அது. இப்போது அதியமான்கோட்டையில் அரசு கட்டிய அதியமான்–ஔவையார் கோட்டம் இருக்கிறது. பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்ல அதைவிடத் தோதான இடம் கிடையாது.

இதெல்லாம் புலவர் கட்டிவிட்ட கதை என்று சொல்பவர்கள் இருந்தார்கள். 1981-ம் ஆண்டு அவர்கள் வாயடைத்துப் போனது. திருக்கோவிலூர் பக்கம் ஜம்பை என்ற ஊர்ப் பாறையில் ஒரு வரி தமிழி எழுத்து அகப்பட்டது. சதியபுதோ அதியன் நெடுமான் அஞ்சி இந்தக் குகைப்பள்ளியைக் கொடுத்தான் என்பது அதில் உள்ள சேதி. வட இந்தியாவில் அசோகன் தன் கல்வெட்டில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரரோடு சேர்த்துச் சதியபுத்திரர் என்று ஒரு பெயரைச் சொல்கிறான். அவர்கள் யார் என்று அறிஞர்கள் பல காலம் மல்லுக்கு நின்றார்கள். தகடூர்க்காரர்கள்தான்! பஸ் நிலையத்தில் "இங்க என்ன இருக்கு" என்று கேட்கப்படும் ஊருக்கு, அசோகச் சக்கரவர்த்தியின் பட்டியலில் இடம் இருந்திருக்கிறது.

காலபைரவருக்குக் கூட்டம், பெருமாளுக்கு?

அதியமான்கோட்டைக்குக் கூட்டமே வருவதில்லை என்று சொல்லமுடியாது. தேய்பிறை அஷ்டமி அன்று காலபைரவர் கோவிலில் தள்ளுமுள்ளுதான். வெளி மாவட்டங்களிலிருந்தும் வருகிறார்கள். சாம்பல் பூசணிக்காயைப் பாதியாக வெட்டி விளக்கேற்றுகிறார்கள்.

அதே ஊரில் சென்றாயப் பெருமாள் கோவில் இருக்கிறது. மண்டபத்து விதானத்தில் பாரத, ராமாயணக் காட்சிகள் வண்ண ஓவியங்களாகத் தீட்டப்பட்டுள்ளன. பல இடத்தில் மங்கிவிட்டன. நிமிர்ந்து, கண் பழகும்வரை பொறுமையாகப் பார்த்தால் ஒவ்வொரு உருவமாகத் தெளியும். கல்லாவது இன்னும் ஆயிரம் வருஷம் நிற்கும். சாயம் அப்படி இல்லை, போனால் போனதுதான். கையை வைக்காமல், பேர் கிறுக்காமல் பார்த்துவிட்டு வந்தால் புண்ணியம். காலபைரவரைக் கும்பிட வருகிறவர்களில் பத்தில் ஒருவர் இந்தப் பக்கம் திரும்பினால்கூட இந்தக் கோவில் இப்படித் தனியாக இருக்காது.

ஒகேனக்கல் வேண்டாம் என்று யார் சொன்னார்கள்? தண்ணீர் அளவாக ஓடுகிற நாளில் பரிசலில் சுற்றி, எண்ணெய் தேய்த்துக் குளித்து, வறுத்த மீன் சாப்பிடுகிற சுகம் வேறு எங்கே கிடைக்கும்! அதற்கு ஒரு நாள் வைத்துக்கொண்டு, தகடூருக்கு ஒரு நாள் ஒதுக்கலாம். டவுன் பஸ் காசும் சாப்பாட்டுச் செலவும்தான்.

சேலம் பக்கம் போகிறவர்கள் மறுபடி தர்மபுரி வரவேண்டியதில்லை. அதியமான்கோட்டையிலேயே பஸ் பிடிக்கலாம். எல்லா பஸ்சும் நிற்காது. கண்டக்டரைக் கேட்டுவிட்டு ஏறுவது நல்லது.