அம்மாவிடம் யார் சொல்வது?

கிள்ளான் பள்ளத்தாக்கில் முதியவர்களைப் பார்க்கும் எந்த கிளினிக்கிலும் நடக்கக்கூடியதுதான். டாக்டர் மலாயில் கேட்கிறார். அம்மா பதிலை யோசிப்பதற்குள் மகன் சொல்லிவிடுகிறார். கடைசியில் டாக்டரும் மகனைப் பார்த்தே பேசுகிறார். "என்னய்யா சொன்னாரு?" என்கிறார் அம்மா. "ஒண்ணுமில்லம்மா, வயசாச்சுல்ல, சத்து மாத்திரை குடுத்திருக்காரு." அந்த மாத்திரையின் பெயர் டொனெபெசில். மறதி நோய்க்குக் கொடுப்பது.

மகனைக் கோபிக்க மனம் வரவில்லை. பிரிக்ஃபீல்ட்ஸ் கோயிலிலும் கிள்ளான் கல்யாண வீட்டிலும் 'புத்தி பேதலிச்சிடுச்சாமே' என்ற பேச்சு எழும் என்பது அவருக்குத் தெரியும். அம்மா ஒடிந்துபோவாரே என்ற பயம் வேறு. ஆனாலும் அது அம்மாவின் மூளையைப் பற்றிய செய்தி. முதலில் அம்மாவுக்குத்தான் சொந்தம்.

மலேசியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 8.5 விழுக்காட்டினருக்கு மறதி நோய் இருக்கலாம் என்றது 2018ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு. ஏறக்குறைய பன்னிரண்டு பேரில் ஒருவர். மறைப்பது நம் வீட்டுப் பழக்கம் மட்டுமல்ல. அமெரிக்காவில் அல்சைமர் சங்கம் 2015இல் வெளியிட்ட கணக்குப்படி, நோயாளியிடமோ பராமரிப்பவரிடமோ நோயின் பெயரை டாக்டர் சொன்னது 45 விழுக்காட்டினர் விஷயத்தில்தான். முக்கியப் புற்றுநோய்களில் அது 90ஐத் தாண்டியது.

சட்டம் என்ன சொல்கிறது? 1982இல் கார் விபத்தில் கழுத்தெலும்பு விலகிய ஃபூ ஃபியோ நா, பெட்டாலிங் ஜெயா மருத்துவமனை ஒன்றில் அறுவை சிகிச்சைக்குப் பின் கைகால் செயலிழந்தார். அவருடைய வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் 2006 டிசம்பர் 29 அன்று தீர்ப்பளித்தது. சிகிச்சையின் ஆபத்தில் எதைச் சொல்வது என்பதை டாக்டர்களின் வழக்கம் மட்டும் தீர்மானிக்க முடியாது. நோயாளி அறிய வேண்டியது எது என்பதே அளவுகோல் என்றது. அது அறுவை சிகிச்சை பற்றிய தீர்ப்புதான். நோயின் பெயரையே மறைத்துவிட்டு மாத்திரை கொடுக்கும்போது அதே கேள்வி இன்னும் உரக்க எழுகிறது.

மறதி நோயில் காலம் குறுகியது என்பதுதான் என்னை உறுத்துகிறது. உயில் எழுதத் தெளிந்த புத்தி வேண்டும். வங்கிக் கணக்கைப் பார்த்துக்கொள்ள மகளுக்குக் கொடுத்த சாதாரண அதிகாரப் பத்திரமும், கொடுத்தவர் மனத்தெளிவை இழந்தால் செல்லாது. அதன்பின் 2001ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின்படி உயர்நீதிமன்றப் படி ஏற வேண்டும். கிள்ளான் வீடு யாருக்கு, கடைசிக் காலத்தில் யாரோடு இருப்பது, டியூப் வழியே உணவு வேண்டுமா வேண்டாமா என்றெல்லாம் அம்மாவே சொல்லக்கூடிய மாதங்கள், 'சத்து மாத்திரை'யில் கரைந்துபோகின்றன.

சொல்வதற்கு முன் நோய் உறுதியாக வேண்டும் என்பதும் உண்மை. பி12 குறைவு, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு எல்லாமே மறதியாகத் தெரியும். அவற்றைச் சரிசெய்ய முடியும். எஸ்டேட்டில் பால் மரம் வெட்டி, பள்ளிக்கூடமே போகாத பாட்டியிடம் மறதிச் சோதனைக்காகக் கடிகாரம் வரையச் சொன்னால், அவர் தோற்பது பென்சிலிடமாகவும் இருக்கலாம்.

தெரிந்துகொள்ள விரும்பாதவர்களும் உண்டு. அந்த உரிமையும் அவர்களுடையதே. அதனால் பரிசோதனை தொடங்கும் முன்பே, மகனை ஒரு நிமிடம் வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, தமிழ் தெரிந்த தாதி ஒருவர் கேட்கலாம்: "அம்மா, முடிவு வந்ததும் உங்ககிட்ட சொல்லவா, புள்ளைகிட்ட மட்டும் சொன்னா போதுமா?"