99இல் நின்ற பட்டியல்: ஆண்டுதோறும் பறவைகளை எண்ணுவது எப்படி?



வாய்மொழித் தேர்வுப் பயிற்சியில் "உன் பொழுதுபோக்கு என்ன?" என்று கேட்டால், பெரும்பாலான மாணவர்கள் "புத்தகம் வாசிப்பது, பாட்டுக் கேட்பது" என்று சொல்லி நிறுத்திவிடுவார்கள். அடுத்த கேள்வி போட்டால் முகம் சுருங்கிவிடும். ஒரு நாள் உயர்நிலை நான்கு மாணவி ஒருத்தி அந்தக் கேள்வியை என் பக்கமே திருப்பிவிட்டாள்.

"உங்க பொழுதுபோக்கு என்ன டீச்சர்?"

"பறவை பார்க்கிறது."

"பார்த்து என்ன செய்வீங்க?"

"எழுதி வைப்பேன்."

"எழுதி வச்சு?"

"டிசம்பர் 31 அன்னைக்கு எத்தனை வகைன்னு எண்ணுவேன். மறுநாள் பூச்சியத்துல இருந்து திரும்பவும் ஆரம்பிப்பேன்."

வகுப்பே சிரித்தது. வேலை மெனக்கெட்ட வேலை என்று நினைத்திருப்பார்கள். ஆனால் அன்று மீதமிருந்த இருபது நிமிடமும் அவர்கள் கேட்க, நான் பதில் சொல்ல என்றே போனது. அந்தக் கேள்விகளையும் பதில்களையும் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே தருகிறேன்.

பறவை பார்ப்பவர்களிடம் பொதுவாக இரண்டு பட்டியல்கள் இருக்கும். ஒன்று வாழ்நாள் பட்டியல். அதில் ஒரு பறவை ஒரே முறைதான் ஏறும். பத்தாண்டுக்கு முன்பு பார்த்த காகம் அதில் அப்படியே இருக்கும். இன்னொன்று ஆண்டுப் பட்டியல். ஜனவரி 1 விடிந்ததும் எல்லாரும் சமம். காகத்தைக்கூடப் புதிதாகப் பார்த்து எழுத வேண்டும். என் பட்டியலில் முதல் பெயர் அநேகமாக ஒவ்வோர் ஆண்டும் ஜாவா மைனாதான். வீட்டுக்குக் கீழே காப்பிக்கடைக்குப் போனால் மேசைமேலேயே நின்றுகொண்டிருக்கும். வெளியிலிருந்து இங்கு கொண்டுவரப்பட்ட பறவை அது, இன்று சிங்கப்பூர் முழுக்க அதன் ராஜ்ஜியம்.

விதிகள் அதிகமில்லை. பறவை உயிரோடு இருக்க வேண்டும், கட்டுப்பாடு இல்லாமல் தன்போக்கில் திரிய வேண்டும். மண்டாயில் 2023இல் திறந்த பறவைப் பூங்காவில் எத்தனை வகை பார்த்தாலும் கணக்கில் சேராது. பக்கத்து வீட்டுக் கூண்டுக் கிளியும் சேராது. ஆனால் அதே பூங்காவின் மரத்தில் தானாக வந்து உட்கார்ந்த காட்டுப் பறவை சேரும். "சத்தம் மட்டும் கேட்டா?" என்று ஒரு மாணவன் கேட்டான். குரல் எதனுடையது என்று நிச்சயமாகத் தெரிந்தால் சேர்க்கலாம். விடியற்காலை ஐந்து மணிக்கே நம் புளோக்குகளுக்கு நடுவிலிருந்து கூவி எழுப்புகிறதே குயில், அதைக் கண்ணால் பார்த்துத்தான் எழுதுவேன் என்று பிடிவாதம் பிடிக்கத் தேவையில்லை.

ஆண்டுப் பட்டியலின் உண்மையான பயன் எண்ணிக்கையில் இல்லை, தேதியில் இருக்கிறது. நமக்கு வெயில், மழை இரண்டைத் தவிர வேறு பருவமே இல்லை என்று நினைக்கிறோம். பட்டியல் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், இருக்கிறது. பஞ்சுருட்டானை எடுத்துக்கொள்ளுங்கள். பச்சை உடம்பு, மெல்லிய வளைந்த அலகு, பறந்தபடியே பூச்சி பிடிக்கும். இதில் இரண்டு வகை நம் தீவில் முறை வைத்து மாறுகின்றன. நீலத்தொண்டைப் பஞ்சுருட்டான் ஆண்டின் தொடக்க மாதங்களில் வந்து, இங்கே மண்ணில் வளை தோண்டிக் குஞ்சு பொரித்துவிட்டுப் போகும். அது போகும் சமயத்தில், அதாவது செப்டம்பர், அக்டோபர் வாக்கில், வடக்கிலிருந்து நீலவால் பஞ்சுருட்டான் வந்து சேரும். மார்ச், ஏப்ரலில் திரும்பிவிடும். ஒரே கம்பியில் ஆள் மாறி உட்கார்ந்திருப்பது, தேதி போட்டு எழுதி வைக்காதவர் கண்ணுக்குப் படாது.

கடற்கரைப் பறவைகள் இதைவிடப் பெரிய கதை. சைபீரியா, அலாஸ்கா பக்கமிருந்து ஆஸ்திரேலியா, நியூசிலாந்து வரை நீளும் கிழக்காசிய ஆஸ்திரலேசிய வான்வழியில் சிங்கப்பூரும் ஒரு நிறுத்தம். 2022இல் வால்பட்டை மூக்கன் என்ற இனத்தைச் சேர்ந்த ஓர் இளம் பறவை, அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டரை எங்கும் இறங்காமல் 11 நாளில் கடந்தது. செயற்கைக்கோள் கருவி பொருத்தியிருந்ததால் இது உறுதியாகத் தெரிந்தது. நம் சுங்கை பூலோவுக்கு வரும் உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் இப்படி வருகிறவைதாம். சுங்கை பூலோ 1993இல் இயற்கைப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. 2002இல் சட்டப்படி இயற்கை வனப்பகுதியானது. அங்கே போகிறவர்களுக்கு ஒரு சின்ன யோசனை: கடிகாரத்தைப் பார்க்காமல் கடல் ஏற்ற அட்டவணையைப் பார்த்துப் போங்கள். நீர் வற்றும்போது பறவைகள் வெளியே சேற்றுத்திட்டுகளில் சிதறி மேயும். நீர் ஏறும்போது திட்டுகள் மூழ்கிவிடுவதால், உள்ளேயிருக்கும் குளங்களுக்கு வந்து கூட்டமாக ஓய்வெடுக்கும். அப்போது மறைகூண்டில் உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்தில் ஏழெட்டுப் பெயர் பட்டியலில் ஏறும்.

இங்கே ஒரு வேடிக்கை. பருவத்தை டிசம்பர் 31 நடுவில் வெட்டுகிறது. டிசம்பர் 28ஆம் தேதி பார்த்த அதே உப்புக்கொத்தியை ஜனவரி 2ஆம் தேதி பார்த்தால் அது புதிய ஆண்டுக்கும் சேரும். அது எங்கேயும் போகவில்லை, காலண்டர்தான் மாறியது. அதனால்தான் ஜனவரியில் பட்டியல் மடமடவென்று ஏறும், ஜூன், ஜூலையில் அசையாமல் கிடக்கும். ஜூன் விடுமுறையில் தொடங்குகிறவர்கள் மனம் தளர வேண்டாம்.

குறிப்பு எப்படி எழுத வேண்டும்? மாணவர்கள் இதைக் கட்டுரைப் பயிற்சியாகவே எடுத்துக்கொள்ளலாம். "அழகான ஒரு பறவையைப் பார்த்தேன்" என்பது குறிப்பே இல்லை. "காலை 7.40, பீஷான் பூங்கா, குளக்கரை. மைனாவைவிடச் சிறியது. முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை, சிறகில் ஒரு வெள்ளைக் கோடு. வாலை நிமிர்த்தி நிமிர்த்தி ஆட்டியது" என்று எழுதினால், பெயரே தெரியாவிட்டாலும் தெரிந்தவர் ஒருவர் பார்த்து, "இது குண்டுகரிச்சான்" என்று சொல்லிவிடுவார். அளவை எப்போதும் தெரிந்த பறவையோடு ஒப்பிடுங்கள். நிறத்தை இடத்தோடு சேர்த்துச் சொல்லுங்கள். என்ன செய்துகொண்டிருந்தது என்று ஒரு வினைச்சொல் போடுங்கள்.

தமிழில் எழுதும்போது பெயர்ச் சிக்கல் வரும். மாங்குயில், தேன்சிட்டு, மீன்கொத்தி, இருவாச்சி, கானாங்கோழி, துடுப்புவால் கரிச்சான் எல்லாம் தமிழில் தயாராக இருக்கின்றன. ஆனால் தமிழ்நாட்டில் இல்லாத பறவைக்கு அங்கே பெயர் எப்படிப் பிறந்திருக்கும்? புலாவ் உபினில் பாடுகிற மஞ்சள் தலைச் சின்னான் ஒன்று உண்டு. குரலுக்காகவே பிடித்துப் பிடித்து விற்றதில் இந்த வட்டாரத்தின் பல இடங்களில் அழிந்துவிட்டது. அழியும் ஆபத்து மிக அதிகமுள்ள இனங்களில் ஒன்று, நம் ஊரில் இன்னும் கேட்கிறது. என் நோட்டில் அதை "வைக்கோல்தலைச் சின்னான்" என்று எழுதுகிறேன். சரியான பெயரா என்று மொழி வல்லுநர்கள் சொல்லட்டும். எழுதாமல் விடுவதைவிட இது மேல் என்பது என் கருத்து. அறிவியல் பெயர்களும் ஒன்றும் கல்லில் வெட்டியவை அல்ல. நம் தாழ்வாரப் பூந்தொட்டியில் கூடு கட்டுகிற தேன்சிட்டு இனத்தை 2023இல் பல இனங்களாகப் பிரித்துவிட்டார்கள். ஆங்கிலப் பெயர் மாறியது, அறிவியல் பெயர் மாறியது. தமிழில் அது பேசாமல் தேன்சிட்டாகவே இருக்கிறது!

நோட்டுப் புத்தகம் போதும். விருப்பமிருந்தால், அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபான் அமைப்பும் 2002இல் தொடங்கிய ஈபேர்ட் தளத்தில் இலவசமாகப் பதியலாம். பட்டியலை அதுவே கணக்குப் போட்டுக்கொள்ளும். பதிகிற தகவல் ஆய்வாளர்களுக்கும் போகிறது. அதனால் அந்தந்த வட்டாரத்தில் தன்னார்வலர்கள் வழக்கத்துக்கு மாறான பதிவுகளைச் சரிபார்க்கிறார்கள். இந்தச் சரிபார்ப்பில் நான் மாட்டிய கதையையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த ஆண்டு நவம்பர் முடிவில் என் பட்டியல் 99. வாழ்க்கையில் முதன்முறையாக 100ஐத் தொடப் போகிறேன். வகுப்பில் வெண்பலகை ஓரத்தில் பிள்ளைகள் எண்ணிக்கையை எழுதி வைத்திருந்தார்கள். டிசம்பர் இரண்டாம் வாரம், வீட்டருகே கால்வாயில் ஒரு மடையான். மடைகளில் நிற்கும் சிறு கொக்கு அது. நம்மூர்க்காரர்கள் திட்டுகிற சொல்லோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். சீன மடையான் ஏற்கெனவே என் பட்டியலில் இருந்தது. இது கொஞ்சம் வெளிர்நிறமாகத் தெரிந்தது. ஜாவா மடையான் என்று பதிந்துவிட்டேன். 100!

மூன்றாம் நாள் சரிபார்ப்பவரிடமிருந்து ஒரு மரியாதையான மின்னஞ்சல் வந்தது. குளிர்காலத்தில் இந்த வகைகள் எல்லாமே பழுப்புக் கோடுகளோடு ஒரே மாதிரி இருக்கும், வெளியில் பார்த்து நம்பகமாகப் பிரிக்க முடியாது, எதை வைத்து முடிவு செய்தீர்கள் என்று கேட்டிருந்தார். படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். என்னிடம் இருந்த ஒரே ஆதாரம், எனக்கு ஒன்று குறைந்தது என்பதுதான்.

வகுப்பில் சொன்னேன். பின்வரிசைப் பையன், "விட்டுடுங்க டீச்சர், யாருக்குத் தெரியப் போவுது?" என்றான். முன்வரிசையில் இருந்த மாணவி, "டீச்சருக்குத் தெரியுமே" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. எழுந்து போய் 100ஐ அழித்து 99 என்று எழுதினேன். உண்மையைச் சொல்வதென்றால் கை கொஞ்சம் வலித்தது. பதிவை "மடையான், வகை தெரியவில்லை" என்று மாற்றினேன். அப்படிப் பதியவும் தளத்தில் இடம் இருக்கிறது. பலருக்கு இது தெரிவதில்லை. மீதமிருந்த இரண்டு வாரத்தில் சுங்கை பூலோவுக்கு மூன்று முறை போனேன். புதிதாக எதுவும் கிடைக்கவில்லை. ஒரு நாள் முழுக்க மழை.

மடையான்களைப் பிரிக்க ஒரே வழி காத்திருப்பது. மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும், ஊர் திரும்புவதற்குமுன், அவற்றுக்கு இனப்பெருக்க நிறம் வரும். சீன மடையானுக்குத் தலையும் கழுத்தும் ஆழ்ந்த செம்பழுப்பாகும். ஜாவா மடையானுக்குத் தலை வெளிறிய பொன்னிறமாகும். அப்போது பைனாகுலர்கூட வேண்டாம்.

மறு ஆண்டு ஏப்ரலில் பள்ளி முடிந்து நடந்து வரும்போது அதே கால்வாயில் ஒன்று நின்றிருந்தது. டிசம்பரில் நின்றதுதானா என்று சொல்ல வழியில்லை. தலை செம்பழுப்பு. சீன மடையான். ஜனவரியிலேயே எழுதியாயிற்று என்பதால் எண்ணிக்கை ஏறவில்லை. தேதியையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு, பின்வரிசைப் பையனுக்குக் காட்ட ஒரு படமும் எடுத்துக்கொண்டேன்.