நீர்த்தொட்டிக்குள் பறந்த விமானம்

1954ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 10ஆம் நாள், சிங்கப்பூரிலிருந்து இலண்டனுக்குச் சென்றுகொண்டிருந்த பிரிட்டிஷ் காமெட் ஜெட் விமானம் ஒன்று வழியில் ரோம் நகரில் இறங்கிப் பின் மேலெழுந்தது. ஏறத்தாழ இருபது நிமிடங்களில் 27,000 அடி உயரத்தை நெருங்கிற்று. அதன் தலைமை விமானி, அவ்வழியே சென்ற வேறொரு விமானத்தின் தலைவரோடு வானொலியில் பேசிக்கொண்டிருந்தார். பேச்சு வாக்கியத்தின் நடுவிலேயே அறுந்துபோயிற்று. எல்பாத் தீவினருகே சிதைவுகள் கடலில் விழக் கண்ட மீனவர் படகுகளைச் செலுத்தி விரைந்தனர். விமானத்திலிருந்த 35 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

பயணிகளை ஏற்றிச் சென்ற முதல் ஜெட் விமானம் காமெட்டே. டி ஹாவிலண்ட் நிறுவனம் அதைக் கட்டியது. 1952 மே 2ஆம் நாள் இலண்டன்–ஜொகானஸ்பர்க் வழியில் ஓடத் தொடங்கி, அவ்வாண்டே சிங்கப்பூருக்கும் வந்தது. சுழல்விசிறி விமானங்கள் மேகத்தோடு மல்லுக்கட்டிக் குலுங்கிச் செல்கையில், காமெட் 40,000 அடி உயரத்தில் அமைதியாக விரைந்தது. சரியாக ஓராண்டு கழித்து, 1953 மே 2ஆம் நாள், கல்கத்தாவை அடுத்து ஒரு காமெட் நொறுங்கி 43 பேர் மாண்டனர். ஆனால் அன்று கடும் இடிமழை. எல்பாவிலோ வானம் அத்தகைய காரணம் எதையும் காட்டவில்லை. தீப்பற்றியிருக்கலாம், பொறி உடைந்திருக்கலாம் என ஐயுற்று, பல பகுதிகளைத் திருத்தி, மார்ச் 23ஆம் நாள் மீண்டும் பறக்கவிட்டனர். பதினாறே நாளில், ஏப்ரல் 8ஆம் நாள், ரோமிலிருந்து கெய்ரோவுக்குப் புறப்பட்ட மற்றொரு காமெட் நேப்பில்ஸ் நகருக்குத் தெற்கே கடலில் வீழ்ந்தது. அதில் 21 பேர்.

இப்போது பறக்கும் உரிமையே பறிக்கப்பட்டது. காரணம் காணும் பொறுப்பு பார்ன்பரோவிலிருந்த அரசினர் விமான ஆராய்ச்சி நிலையத்திடம் வந்தது. அதன் இயக்குநர் ஆர்னால்டு ஹாலுக்கு அப்போது வயது 39.

அவர் எதை ஐயுற்றார் என்பது விளங்க, விமானத்தின் அறையைப் பற்றிச் சிறிது அறியவேண்டும். 40,000 அடி உயரத்தில் மனிதன் மூச்சுவிடப் போதிய காற்று இல்லை. ஆகவே அறைக்குள் காற்றை அழுத்தி நிரப்புகிறார்கள். காமெட்டில் உள்ளழுத்தம் வெளியழுத்தத்தைவிடச் சதுர அங்குலத்திற்கு 8¼ இராத்தல் மிகுதி. கேட்பதற்குச் சிறு எண்தான். பெருக்கிப் பார்த்தால் ஒரு சதுர அடிச் சுவரின் மீது 1,188 இராத்தல், அதாவது அரை டன்னுக்கு மேல், உள்ளிருந்து வெளியே தள்ளுகிறது! விமானம் ஏறும்போதெல்லாம் உடல் சிறிது உப்புகிறது. இறங்கும்போதெல்லாம் பழைய நிலைக்குச் சுருங்குகிறது. ஒவ்வொரு பயணமும் அதற்கு ஒரு மூச்சு.

இத்தகைய மூச்சு எத்தனை தாங்கும் என்று தரையிலேயே அறிய முடியுமா? காற்றை அடைத்துச் சோதித்தால், விரிசல் கண்ட கணத்தில் அறை வெடிகுண்டுபோல் சிதறும். எங்கே முதலில் கிழிந்தது என்று காட்டச் சான்று மிஞ்சாது. நீரோ அழுத்தத்திற்கு இசைந்து சுருங்குவதில்லை. சிறிது கசிந்தாலும் அழுத்தம் உடனே இறங்கிவிடும். கிழிந்த இடம் கிழிந்தபடியே நிற்கும். ஆகையால் ஒரு முழுக் காமெட்டையே சுற்றித் தொட்டி கட்டி அடைத்தனர். இறக்கைகள் மட்டும் தொட்டியின் பக்கங்களில் வெளியே நீண்டிருந்தன. உள்ளும் புறமும் நீர் நிரப்பி, உட்புறத்தில் மேலும் நீரைச் செலுத்தி அழுத்தத்தை ஏற்றி இறக்கினர். காற்றின் மோதலைப் போலவே நீரழுத்தத் தண்டுகள் இறக்கைகளை மேலும் கீழும் வளைத்தன. சில நிமிடங்களில் ஒரு பயணம் முடிந்துவிடும். இரவு பகலாக இது நடந்தது.

தொட்டிக்குள் சென்ற விமானத்தின் பெயர் யோக் அங்கிள். அது முன்னரே 1,221 முறை வானில் பறந்திருந்தது. தொட்டியில் 1,836 பயணங்கள் கழிந்தபின், ஜூன் இறுதியில், உடலின் தோல் கிழிந்தது. விரிசல் தொடங்கிய இடம் ஒரு சன்னல் திறப்பின் மூலை. ஆக மொத்தம் 3,057. எல்பாவில் வீழ்ந்த யோக் பீட்டர் பறந்தது 1,290 முறை. நேப்பில்ஸில் வீழ்ந்த யோக் யோக் ஏறத்தாழ 900 முறை. ஒரே அச்சில் வார்த்த விமானங்களும் ஒரே எண்ணிக்கையில் முறிவதில்லை. மூன்று மடங்கு வேறுபாடு வியப்பன்று.

இதனை ஆங்கிலேயர் உலோகத்தின் களைப்பு என்கின்றனர். தமிழிலும் ‘உலோகச் சோர்வு’ என்று எழுதிவருகிறோம். இச்சொல் மாணவனை ஏமாற்றக்கூடும். சோர்ந்தவன் உறங்கி எழுந்தால் தெளிவான். உலோகமோ எத்தனை நாள் ஓய்ந்து கிடந்தாலும் தேறாது. வேட்டியின் மடிப்பு நைந்து போகிறது என்கிறோமே, அந்த ‘நைவு’ பொருளுக்கு இன்னும் நெருங்கியது. ஒரு மெல்லிய கம்பியை ஒரு முறை வளைத்தால் ஒன்றும் ஆகாது. முன்னும் பின்னும் பலமுறை வளைத்தால் கையோடு வந்துவிடும். வகுப்பில் காட்ட வேறு கருவி வேண்டியதில்லை.

அப்படியானால் கட்டியவர்கள் சோதிக்கவே இல்லையா? சோதித்தார்கள், அக்காலத்து விதி கேட்டதற்கு மேலாகவே. கதையின் கொடுமையான பகுதி இதுதான். 1953இல் அவர்கள் சோதித்த முன்பகுதி ஏறத்தாழ 18,000 அழுத்தங்களைத் தாங்கிற்று. அதை நம்பியே விமானம் பல்லாண்டு உழைக்கும் என்றனர். ஆனால் அதே பகுதியை முதலில் வலிமைச் சோதனைக்காக இருமடங்கு அழுத்தம்வரை ஏற்றியிருந்தார்கள். அவ்வளவு ஏற்றியபோது மூலைகளிலிருந்த உலோகம் சற்றே நீண்டு கொடுத்தது. அழுத்தம் இறங்கியதும், சுற்றியிருந்த உலோகம் அந்த நீண்ட இடத்தை உள்நோக்கி நெருக்கிப் பிடித்தது. பிறகு வந்த சிறு அழுத்தங்கள் இந்த நெருக்கத்தை வென்ற பிறகே மூலையை இழுக்க முடிந்தது. ஆகவே நைவு தாமதித்தது. விற்பனைக்குச் சென்ற விமானங்களுக்கு இந்தப் பாதுகாப்புக் கிட்டவில்லை. வலிமையைக் காட்டச் செய்த சோதனையே வலுவின்மையை மறைத்துவிட்டது.

இதற்கிடையில் பிரிட்டிஷ் கடற்படை நீரடித் தொலைக்காட்சிக் கருவியின் துணையோடு எல்பாவில் சிதைவுகளைத் திரட்டிற்று. இறக்கையின் மீது பயணியர் அறையின் வண்ணம் உரசியிருந்தது. அறைதான் முதலில் வெடித்து இறக்கையில் மோதியது என்பதற்கு அது சான்று. ஆகஸ்டில் இத்தாலிய மீன்பிடி படகு ஒன்றின் வலையில் கூரைத் துண்டு ஒன்று சிக்கியது. வானொலித் திசைகாட்டிக்காகக் கூரையில் விட்டிருந்த திறப்பின் மூலையிலிருந்து நைவு விரிசல் ஓடியிருந்ததை அத்துண்டு காட்டிற்று. தொட்டி சொன்னதையே கடலும் சொன்னது.

சன்னல்கள் சதுரமாக இருந்ததே குற்றம் என்று இன்றும் பலர் எழுதுகின்றனர். அவற்றின் மூலைகள் வளைந்தவையே. வளைவு போதவில்லை, மெல்லிய தோல், அதில் தறையாணிக்காக இட்ட துளைகள், மூலையில் குவியும் விசையைக் குறைத்து மதித்த கணக்கு ஆகிய யாவும் சேர்ந்தன. மூலையருகே விசை உலோகத்தின் உச்ச வலிமையில் 70 விழுக்காட்டை எட்டியது என்பது பார்ன்பரோவின் கணிப்பு.

தடித்த தோலும் வட்டச் சன்னல்களும் கொண்ட நான்காம் வகைக் காமெட், 1958 அக்டோபர் 4ஆம் நாள் அட்லாண்டிக் கடலைக் கடந்து பயணிகளை ஏற்றிச் சென்றது. அதற்குள் அமெரிக்காவின் போயிங் 707 அருகில் வந்துவிட்டது. வணிகத்தில் காமெட் இழந்த இடத்தை மீட்கவில்லை. காமெட் விசாரணைக்கு உதவிய ஆஸ்திரேலிய அறிஞர் டேவிட் வாரன், விமானியின் கடைசிப் பேச்சைப் பதிந்து காக்கும் கருவி ஒன்றை அப்பத்தாண்டிலேயே செய்து காட்டினார். இன்று ‘கறுப்புப் பெட்டி’ என்று வழங்குவது அதன் வழிவந்ததே.

வலிமைச் சோதனைக்கு ஓர் உடல், நைவுச் சோதனைக்கு வேறோர் உடல் எனப் பிரிக்கும் வழக்கமும் காமெட்டுக்குப் பிறகு நிலைத்தது. ஏர்பஸ் ஏ380 விமானத்தின் நைவுச் சோதனை 2005இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் தொடங்கியது. அந்த உடலுக்கு 26 மாதங்களில் 47,500 பயணங்களின் சுமை ஏற்றி இறக்கப்பட்டது. விமானத்தின் வாழ்நாளுக்கு எதிர்பார்த்த 19,000 பயணங்களைப் போல் அது இரண்டரை மடங்கு. அத்தனை பயணங்களிலும் அது கொட்டகையை விட்டு வெளியே வரவில்லை.