மகளின் சைக்கிளில் மூன்று நாள்

"நாப்பத்தி நாலு வயசுல சைக்கிள் சவாரியா? விழுந்து காலை முறிச்சா யாரு மக்களே பாப்பா?" என்று என் மாமியார் கேட்டபோது எனக்குக் கோபமே வரவில்லை. அதே கேள்வியை நானும் பத்து நாளாக என்னிடமே கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

விஷயம் இதுதான், சகோதரிகளே. 2023 தீபாவளி கழிந்து ஒரு நாள் ரத்தப் பரிசோதனைக்குப் போனேன். மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டுகிற எச்பிஏ1சி 6.2 என்று வந்தது. 5.7 முதல் 6.4 வரை என்றால் வாசற்படியில் நிற்கிறோம் என்று பொருள். 6.5 ஆனால் சர்க்கரை நோய் உள்ளே வந்தாகிவிட்டது. "இப்ப மாத்திரை வேண்டாம், உடம்பை அசைங்க, சாப்பாட்டைப் பாருங்க" என்றார் டாக்டரம்மா. என் அம்மாவுக்கு இதே நோயில்தான் கடைசியில் ஒரு காலை எடுத்தார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலோரம் ஒரு மாதம் உட்கார்ந்திருந்தவள் நான். தூக்கம் எப்படி வரும்?

நடக்கலாம் என்றால் முழங்கால் மக்கர் பண்ணியது. சைக்கிள் மிதித்தால் உடம்பின் பாரத்தைச் சீட் தாங்கிக்கொள்ளும், முட்டுக்கு அவ்வளவு சிரமம் இருக்காது என்று டாக்டரம்மாவே வழி காட்டினார். வீட்டில் சைக்கிளுக்கா பஞ்சம்? மகளுக்குப் பதினொன்றாம் வகுப்பில் அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த சைக்கிள், அவள் ஹாஸ்டலுக்குப் போனபின் விறகுப்புரையில் ஒட்டடை பிடித்துக் கிடந்தது. கியர் எல்லாம் கிடையாது. டயர், டியூப் மாற்றி எண்ணெய் விட்டதும் ஓடிவிட்டது.

துணைக்கு என் மைனி வந்தாள். அண்ணன் பெண்டாட்டி, என்னைவிட மூன்று வயது மூத்தவள், சிறு வயதில் வாடகைச் சைக்கிளில் ஓட்டிப் பழகியவள். இரண்டு மாதம் தினமும் விடியற்காலை நாகர்கோவிலைச் சுற்றி மிதித்தோம். முதலில் 4 கி.மீ.; பிறகு 10; ஒரு ஞாயிற்றுக்கிழமை சுசீந்திரம் தாண்டிப் போய் 25 கி.மீ. முடித்தபோது மைனிதான் ஆரம்பித்தாள். "எட்டி, கடலும் காடும் மலையும் நம்ம ஜில்லாவுலேயே கெடக்கு. ஒரு சுத்து சுத்தி வந்தா என்ன?"

2024 ஜனவரியில் புறப்பட்டோம். இந்த மாதம்தான் சரி. எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை கரையோரத்தில் எதிர்க்காற்று ஆளையே தள்ளும். மழைக்காலத்தில் ரப்பர்க் காட்டில் அட்டை. தை மாதம் வெயிலும் மெத்தனம், மழையும் ஓய்ந்திருக்கும்.

அண்ணன் தன் டெம்போவில் சைக்கிள்களை ஏற்றிக் கன்னியாகுமரியில் இறக்கிவிட்டார். சூரியோதயம் பார்க்க நின்ற கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேற்கே மிதித்தோம். கோவளம் (நம்ம ஊர்க் கோவளம், கேரளத்துக் கோவளம் இல்லை), பிறகு மணக்குடி. பழையாறு கடலில் சேருகிற இடம் அது. 2004 சுனாமியில் இங்கேயிருந்த பாலமே பெயர்ந்து போயிற்று. இப்போதிருப்பது அதற்குப் பின்னால் கட்டியது. பாலத்தின் நடுவில் சைக்கிளை நிறுத்தினோம். ஒரு பக்கம் காயல், மறு பக்கம் கடல். இரண்டு பேரும் பேசவில்லை.

சைக்கிள் பயணம் பற்றி எழுதுகிற யாரும் எழுதாத ஒன்றை நான் எழுதத்தான் வேண்டும். பெண்கள் ஒதுங்குவதற்கு எங்கே போவது? அதற்குப் பயந்தே தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுகிறோம். வெயிலில் அது நீர்க்கடுப்பில் கொண்டுபோய் விடும். எங்களுக்கு முதல் நாளே அந்த நெருக்கடி வந்தது. ராஜாக்கமங்கலம் துறைப் பக்கம் வாசலில் மீன் அலசிக்கொண்டிருந்த ஒரு அம்மாளிடம் வெட்கத்தை விட்டுக் கேட்டேன். "இதுக்குப் போயி ஏன் மக்கா முழிக்கிய, உள்ள போங்க" என்றாள். திரும்பி வந்தால் இரண்டு டம்ளரில் கடுங்காப்பி தயாராக இருந்தது. அதன்பின் மூன்று நாளும் வீடுகளில்தான் கேட்டோம். ஒருவர்கூட இல்லை என்று சொல்லவில்லை.

முட்டம் வரும்போது பகல் பதினொன்று. செம்மண் மேடு, கரும்பாறை, கலங்கரை விளக்கம் என்று கண்ணுக்கு நல்ல விருந்துதான். ஆனால் அந்த மேட்டு ஏற்றத்தில் என் இடுப்பு விண்ணென்று தெறித்தது. சீட் உயரம் சரியில்லை என்று மைனி கண்டுபிடித்தாள். சீட்டில் உட்கார்ந்து, கீழே இறங்கிய பெடலில் குதிகாலை வைத்தால் முழங்கால் மடங்காமல் நேராக நிற்க வேண்டும். மகள் என்னைவிடக் குள்ளம். அவளுக்கு வைத்த உயரத்திலேயே இரண்டு மாதம் ஓட்டியிருக்கிறேன்! ஒரு ஸ்பானரை வைத்து இரண்டு விரற்கடை உயர்த்தியதும் வலி பாதியாகிவிட்டது. சீட்டும் அகலமாக இருக்க வேண்டும், பெண்களின் இடுப்பெலும்பு அகலம். தொடை உராய்ந்து புண்ணாகாமலிருக்கச் சுடிதாருக்குள் தையல் உறுத்தாத பருத்திக் கால்சட்டை போட்டு, தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டோம். துப்பட்டாவைப் பைக்குள் வைத்துவிடுங்கள். சக்கரத்தில் சுற்றினால் கழுத்துக்கே ஆபத்து.

அன்றிரவு குளச்சலில் மைனியின் சித்தி வீடு. 1741-ல் மார்த்தாண்டவர்மா டச்சுக்காரர்களை முறியடித்த ஊர் என்பார்கள். எங்களுக்கு அன்று மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும்தான் சரித்திரம். கிழங்கு சர்க்கரையை ஏற்றும் என்பதால் நான் இரண்டே துண்டோடு நிறுத்திக்கொண்டேன். மனசு நிறுத்தவில்லை.

இரண்டாம் நாள் கடலுக்கு முதுகைக் காட்டித் தக்கலை வழியாகப் பத்மநாபபுரம். மர அரண்மனையின் குளிர்ந்த கருந்தரையில் வெறுங்காலோடு நடந்தபோது பாதத்து எரிச்சல் எல்லாம் போயிற்று. (திங்கட்கிழமை போகாதீர்கள், விடுமுறை.) அங்கிருந்து திருவட்டாறு வரை ஏற்றமும் இறக்கமுமாகத் தென்னந்தோப்பு, வாழை, ரப்பர். ஏற்றம் வந்தால் இறங்கித் தள்ளினோம். முதல் ஏற்றத்தில் கூச்சமாக இருந்தது, ஐந்தாவதில் இல்லை.

மாத்தூர் தொட்டிப் பாலத்தை அவசியம் பார்க்கவேண்டும். 1966-ல் கட்டியது. பரளியாற்றுக்கு மேலே 28 தூண்களில், 115 அடி உயரத்தில், பாசன நீரைத் தொட்டி போலத் தாங்கி ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குக் கொண்டு போகிறார்கள். ஆற்றின் குறுக்கே ஆறு! சைக்கிளை அடியில் பூட்டிவிட்டு நடந்தோம். மைனி பாதியில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். இரவு குலசேகரத்தில் தங்கினோம். திற்பரப்பு அருவிக்கு ஆட்டோவில் போனோம், உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

மூன்றாம் நாள் எனக்கு மாதவிலக்கு. திரும்பிவிடலாமா என்று யோசித்தேன். வலி அவ்வளவு இல்லை, வழியில் தண்ணீரும் வீடுகளும் உண்டு, போவோம் என்றேன். அதிக வலி, அதிகப் போக்கு உள்ளவர்கள் வீம்பு பிடிக்க வேண்டாம். கைக்குழந்தைக்காரிகளும் அப்படித்தான். பிரசவமாகி ஆறு வாரப் பரிசோதனை முடிந்து டாக்டர் சரி என்ற பிறகே சைக்கிளைத் தொடுங்கள். சிசேரியன் என்றால் இன்னும் பொறுங்கள்.

சுருளகோடு வழியாகத் தடிக்காரன்கோணம், அங்கிருந்து கீரிப்பாறை ஏற்றம். வழி நெடுக ரப்பர் மரங்கள் இலையுதிர்த்துக் கொண்டிருந்தன. சிவப்பும் மஞ்சளுமாய் ரோடு பூராவும் சருகு, டயருக்கடியில் நொறுங்குகிற சத்தம். இனித் துளிர்க்கிற இளந்தளிரின் காம்பில் இனிப்பு நீர் சுரக்கும்; எங்கள் பக்கத்துத் தேனில் பெரும்பகுதி அந்த ரப்பர்த் தேன்தான், பூவிலிருந்து வருவதில்லை என்று தேன்பெட்டி வைத்திருந்த ஒருவர் விளக்கினார். நாற்பத்து நாலு வருஷம் இந்த ஊர்த் தேனைச் சாப்பிட்டிருக்கிறேன், எனக்குத் தெரியாது!

பாதித் தூரம் தள்ளிக்கொண்டுதான் ஏறினோம். உப்புப் போட்ட மோரும் அவித்த நிலக்கடலையும் எங்களைக் காப்பாற்றின. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டு புறப்படுங்கள். நெடுநேரம் மிதித்தால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும், பையில் மிட்டாய் இருக்கட்டும். கீரிப்பாறையில் ஓடைத் தண்ணீரில் காலை நனைத்துவிட்டுத் திரும்பினோம். மேலே காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும். யானை நடமாடுகிற இடம், நமக்கு எதற்கு வம்பு?

இறக்கத்தில்தான் என் உயிர் போய் வந்தது. ஏறும்போது பிரேக்கைப் பற்றி யார் நினைத்தார்கள்? வளைவில் பிடிக்கிறேன், கிரீச்சென்று சத்தம்தான் வருகிறது, வண்டி நிற்கவில்லை. எதிரே ரப்பர்த் தடி ஏற்றிய லாரி. இடப்பக்கம் மண்மேட்டில் சைக்கிளை ஏற்றிச் சாய்ந்துவிட்டேன். முழங்கையில் சிராய்ப்பு, வேறொன்றுமில்லை. மைனி ஓடிவந்தாள், திட்டினாள், பிறகு என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிரேக் கட்டை தேய்ந்து இரும்பு தெரிந்தது. டயர் மாற்றியவள் நாற்பது ஐம்பது ரூபாய்க் கட்டையை மாற்றவில்லை பாருங்கள். இறக்கம் முழுவதும் தள்ளிக்கொண்டே வந்தேன்.

அழகியபாண்டியபுரம் தாண்டி, படுத்துக்கிடக்கிற பெண் மாதிரி இருக்கும் தாடகை மலையைப் பார்த்தபடி, விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீடு வந்தோம். மூன்று நாளில் சுமார் 130 கி.மீ. மாமியார் என் காலைத்தான் முதலில் பார்த்தார். வெந்நீர் போட்டு வைத்திருந்தார்.

அந்த மூன்று நாளால் சர்க்கரை இறங்கிவிடவில்லை. அதன் பிறகும் தினம் ஒரு மணி நேரம் மிதிக்கிறேன், ராத்திரிச் சோற்றைக் குறைத்துவிட்டேன். ஏப்ரலில் பார்த்தபோது 5.9. இன்னும் வாசற்படியில்தான் நிற்கிறேன். லீவுக்கு வந்த மகள் சைக்கிளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அம்மா, சீட்டை ஏத்திட்டியே, எனக்கு எட்டலையே" என்றாள். ஸ்பானரைக் கையில் கொடுத்தேன்.

அடுத்தாற்போல் தென்காசி என்கிறாள் மைனி. களக்காடு வழியா, திருநெல்வேலி வழியா என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.