தையலுக்கு முன்னால் ஒரு துண்டுப் பஞ்சு

மழைக்கு நனைந்த லயத்துப் படியில் வழுக்கி விழுந்து, பிள்ளைக்கு நெற்றி பிளந்துவிட்டது. டிக்கோயா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறீர்கள். பிள்ளை எதற்கு அலறும், தையலுக்கா? பெரும்பாலும் அதற்கு முன்னால் போடும் மரப்பு ஊசிக்குத்தான், நேயர்களே!

அந்த ஊசிக்குப் பதிலாகப் பூசும் மருந்து ஒன்று இருக்கிறது. லிடோகெயினும் அட்ரினலினும் கலந்த ஜெல். பஞ்சில் எடுத்துக் காயத்தின் மேல் வைத்து, அரை மணி நேரம் பிள்ளையை அம்மா மடியிலேயே வைத்திருக்க வேண்டும். பஞ்சை எடுத்தால் காயத்தின் ஓரம் வெள்ளைவெளேரென்று இருக்கும். பயந்துவிடாதீர்கள், மருந்து பிடித்துவிட்டதற்கு அதுதான் அடையாளம். அதன் பிறகு தையல் ஊசி பெரும்பாலும் தெரியாமலே போகும்.

எல்லா ஆஸ்பத்திரியிலும் இது இருக்காது. எல்லாக் காயத்துக்கும் ஒத்தும் வராது. ஆனாலும், தையல் போடுவதற்கு முன் டாக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்: "பூசுற மருந்து இருக்குங்களா, ஐயா?"